தோரிகா சொல்லி அனுப்பியது

எங்கள் ரக்பி கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலரில் பழைய பயிற்சியாளர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தோரிகாவின் பக்கத்தை என்னை எழுதச் சொன்னார்கள். "உன்னை விட்டா அவளைப் பத்தி யாருக்குத் தெரியும் அபிசாய்?" என்றார் செயலாளர். உண்மைதான். ஆறு வருஷம் அவள் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. ஆனால் ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய்யைச் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. எழுதுவதை எழுதுகிறேன், மலரில் போடுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் பாடு.

தோரிகா எனக்கு மாமன் மகள். பெரிய மாமாவின் ஒரே பெண். என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாததால், நான் வளர்ந்தது அம்மா பிறந்த ஊரான நாவுனிவியில். ஆற்றங்கரையில் முப்பத்தேழு வீடுகள், ஒரு கோவில், ஒரு விளையாட்டுத் திடல். திடலில் வாரம் ஆறு நாள் குதிரை மேயும். சனிக்கிழமை மட்டும் குதிரையை ஓட்டிவிட்டு ரக்பி ஆடுவோம். சின்ன வயதில் எங்களுக்குப் பந்து கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஈர மணலை அடைத்து, மேலே கந்தல் துணியைச் சுற்றிக் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். தோரிகாவிடம் பாட்டில் போனால் வாங்க முடியாது. என் முன்பல் ஒன்று அவள் தோளில் பட்டு விழுந்ததுதான். இன்றைக்கும் நான் சிரித்தால் அந்த ஓட்டை தெரியும்.

அவளுக்குப் பதின்மூன்று வயதானதும் பெரிய மாமா அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "பொம்பளைப் பிள்ளை துணியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆம்பளைங்க மேல விழுறது ஊருக்கு அழகா?" என்று கேட்டு, முதுகில் நாலு வைத்தார். அவள் அழவில்லை. பதினேழு வயதில் தலைநகர் சுவாவுக்குப் போய் மீன் டின் அடைக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலங்களில் ஆலைப் பெண்களோடு ரக்பி ஆடினாள். ஊருக்கு இது தெரிந்தது ஏழு வருஷம் கழித்து, வானொலியில். "ஃபிஜி பெண்கள் அணியின் கேப்டன், நாவுனிவியைச் சேர்ந்த தோரிகா" என்று செய்தி வாசித்தபோது, பெரிய மாமா யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஏதாவது தோரிகாவாக இருக்கும் என்றார்.

நாலு வருஷம் கேப்டனாக இருந்தாள். ஊர் பெருமைப்பட்டது, ஆனால் ஒருவரும் அவள் ஆட்டத்தைப் போய்ப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஒரே ஒருமுறை போனேன். ஒரு குளிர்நாட்டில் அறுபது புள்ளிக்கு மேல் வாங்கித் தோற்ற கதையை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஆட்டத்தில் அவள் தலையில் அடிபட்டது. எழுந்து நின்று, கடைசிவரை ஆடி, முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக நிறுத்தித் தோத்திரப் பாட்டுப் பாட வைத்திருக்கிறாள். எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

"இருபது நிமிஷம் அபிசாய். எங்க போச்சுன்னே தெரியல. பூட்ஸ் கயிறைக் கட்டுறேன், கட்டுறேன், கட்டிக்கிட்டே இருக்கேன். அது ஏற்கெனவே கட்டியிருக்கு. இது மட்டும் மங்கலா ஞாபகம் இருக்கு. நான் சாகாம வந்தது யார் செஞ்ச புண்ணியமோ" என்றாள்.

அதற்கடுத்த வருஷம் முழங்கால் போனது. இரண்டு முறை கத்தி வைத்தார்கள். கக்கத்தில் கட்டைகளை இடுக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். பெரிய மாமா அதற்குள் காலமாகிவிட்டார். கல்யாணம் இல்லை, வேலை இல்லை, நேராக நடக்கக்கூட முடியாது. இருபத்தொன்பது வயதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் தீர்மானித்து, பாவம் பார்த்து மரவள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்பியது. அவளுக்குப் பாவம் பார்த்தால் பிடிக்காது. கிழங்கைத் தின்றாள், கொடுத்தவர்களைத் திட்டினாள்.

எங்கள் ஊர் ஆண்கள் அணி அப்போது தோற்பதில் கைதேர்ந்திருந்தது. பயிற்சியாளர் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். நான் மேனேஜர். பெயர்தான் மேனேஜர், வேலை தண்ணீர் பாட்டில் தூக்குவது. ஒரு சனிக்கிழமை தோரிகா திடலோரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முணுமுணுக்க ஆரம்பித்தாள். "இடது பக்கம் காலியா கிடக்கு, குருடனுங்க." எனக்கு வாய் சும்மா இருக்காது. "டேய் குருடனுங்களா, இடது பக்கம் காலியா கிடக்கு!" என்று கத்தினேன். இடது பக்கம் ஓடினார்கள், கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை அடித்தார்கள். அவள் அடுத்ததை முணுமுணுத்தாள், நான் கத்தினேன். அன்றைக்கு ஜெயித்தோம். பதினான்கு மாதத்தில் முதல் தடவை. பயிற்சியாளர் வேலை அவளுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

அவள் ஏன் தானே கத்தவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் பருவம் வந்தபின் ஒரு பெண் அண்ணன் தம்பி முறை உள்ளவனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது, பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூடப்பிறந்தவன் மட்டுமில்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் அதில் சேர்த்தி. வெறுப்பினால் இல்லை, மரியாதை அப்படி. மற்ற ஊர்களில் இது தளர்ந்துவிட்டது, நாவுனிவியில் தளரவில்லை. எங்கள் பதினைந்து பேரில் பதினொரு பேர் அவளுக்கு அண்ணன் தம்பி முறை. மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை விஷயம் நேர் தலைகீழ். பார்த்த இடத்தில் கிண்டல் பண்ணியே ஆக வேண்டும், சாவு வீட்டில்கூட. மச்சானிடம் பதவிசாகப் பேசினால், "என்மேல என்னடா கோபம்?" என்று கேட்பான். நான் அத்தை மகன் என்பதால் அவளோடும் பேசலாம், அந்தப் பதினொரு பேரோடும் பேசலாம். அதனால் நான் அவள் வாய் ஆனேன்.

பயிற்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆள் அவளுக்கு இரண்டடி தூரத்தில் நிற்பான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்:

"அபிசாய், அந்த மூணாம் நம்பர் ஆள்கிட்ட சொல்லு, தள்ளும்போது முதுகை நேரா வைக்கச் சொல்லு."

நான் திரும்பி, "மச்சான், உங்கக்கா சொல்றா, உன் முதுகு செத்த பன்னி மாதிரி தொங்குதாம்" என்பேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூணாம் நம்பர் முதுகை நிமிர்த்துவான்.

"நான் எப்படா பன்னின்னு சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் மச்சான்காரன். வெறுமனே சொன்னா மரியாதையா இருக்குமா?"

"ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் உன் நாக்கை அறுத்து ஆத்துல போடப் போறேன்."

"அதுக்குப் பதிலா என்னைக் கட்டிக்கோயேன்."

"உன்னைக் கட்டுறதுக்கு அந்த கோல் கம்பத்தைக் கட்டிக்கலாம். அது பேசாது."

எனக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். இருந்தாலும் முறை முறைதானே. நான் சேர்த்ததை அவளும் ரசித்தாள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சேர்த்துச் சொன்னது எங்களுக்குள் சேதம் எதுவும் செய்ததில்லை, அந்த ஒருநாள் வரைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விளையாட்டுக்கு இடம் கொடுக்க மாட்டாள். தலையில் அடிபட்டவன் வெளியே வந்துவிட வேண்டும், அது கேப்டனாக இருந்தாலும் கோவில் போதகர் மகனாக இருந்தாலும். ஆறு வருஷத்தில் நான்கு பேரை அப்படி வெளியே எடுத்திருக்கிறாள். இரண்டு ஆட்டம் அதனால் தோற்றோம். ஊர் முணுமுணுத்தது, அவள் காதில் வாங்கவில்லை. அவளுக்கு அந்த அணியைத் தவிர வேறு எதுவும் இல்லை. காலையில் சேம்புத் தோட்டம், சாயங்காலம் திடல், ஞாயிற்றுக்கிழமை கோவில். கோவிலில்கூடப் பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் ஆட்டக்காரர்களின் இடங்களைப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பாள். "இந்த டீமை விட்டா எனக்கு என்னடா இருக்கு?" என்று அவளே ஒருமுறை கேட்டாள். நான் அதற்கும் ஏதோ கிண்டலாகத்தான் பதில் சொன்னேன்.

இசிமேலி சின்ன மாமா நெமானியின் மகன். தோரிகாவுக்குப் பத்து வயது இளையவன். அவன் அம்மா பிரசவத்துக்குப் பின் ஒரு வருஷம் படுக்கையில் கிடந்ததால், அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் தோரிகாதான். அவன் முதலில் பேசின வார்த்தை அவள் பேர்தான், "தோக்கா" என்று. அவள் சுவாவுக்குப் போனபோது அவனுக்கு ஏழு வயது. திரும்பி வந்தபோது அவன் மீசை வைத்திருந்தான், முறைப்படி இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. வாசலில் எதிரெதிரே வந்தால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு விலகுவார்கள். அவன் ஆறாம் நம்பர். எதிரியின் காலைக் கட்டிப் பிடித்தால் கட்டையால் அடித்தால்தான் விடுவான். அவன் நன்றாக ஆடிய அன்று அவள் என்னிடம், "அந்த ஆறாம் நம்பர் ஆள் பரவாயில்லன்னு சொல்லு" என்பாள். மற்றவர்களுக்கு அதுவும் கிடைக்காது.

எங்கள் ஊர் முதன்முதலாக மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்த வருஷம் அது. எதிரி ஆற்றின் கீழ்க்கரை அணி. நாவுனிவியில் நாய்களைத் தவிர எல்லாரும் லாரிகளில் ஏறி வந்திருந்தார்கள். பதினேழுக்குப் பதினைந்து என்று நாங்கள் முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் இசிமேலியின் தலை ஒருவன் முழங்காலில் மோதியது. உடனே எழுந்துவிட்டான், ஓடினான்; ஆட்டம் நிற்கவில்லை, தோரிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றாள் எல்லாரையும் ஏற்கெனவே இறக்கிவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் கீழ்க்கரை ஆள் ஒருவனுக்குக் கால் பிசகி ஆட்டம் நின்றது. எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் கூடினார்கள். இசிமேலி நடந்து போய் எதிரணிக் கூட்டத்தில் நின்றான். அவர்கள் கேப்டன் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். திடல் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். தோரிகா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"ஓடு அபிசாய். அந்த ஆறாம் நம்பர் ஆளை வெளிய வரச் சொல்லு."

"மாத்தாள் இல்லையே."

"பதினாலு பேரோட ஆடட்டும். பாரு, குனிஞ்சு கட்டின கயிறையே கட்டிக்கிட்டு இருக்கான். எனக்கு அன்னிக்கு இப்படித்தான். நான் சொன்னேன்னு சொல்லு. அக்கா கெஞ்சுறான்னு சொல்லு. போ!"

ஓடினேன். பதினோரு நிமிஷம் பாக்கி. வியர்வையும் சேறுமாகப் பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்தன, இன்றைக்கு என்ன சொல்லப் போகிறான் என்று வாயோரம் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கும் கோப்பை வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் நம்பர் இல்லாமல் பதினோரு நிமிஷம் தாங்க மாட்டோம் என்று எனக்குத் தெரியும்.

"மச்சான், உங்கக்கா கேக்குறா, எதிர் டீம்ல பொண்ணு பாக்கப் போனியாமே? சம்பந்தம் பேசி முடிச்சாச்சுன்னா வெளிய வந்து உக்காருவியாம்."

எல்லாரும் சிரித்தார்கள். இசிமேலியும் சிரித்தான், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாட்டிலை நீட்டினேன், அவன் வாங்கவில்லை. அது என்னவென்றே தெரியாதவன் போலப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம். பத்து நிமிஷம்னு சொல்லு" என்றான்.

திரும்பி வந்தேன். அவள் முகத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்கிறான்" என்றேன்.

"சொன்னியா நீ? நான் சொன்ன மாதிரி சொன்னியா?"

"சொன்னேன்."

அதற்குள் ஆட்டத்தைத் தொடர விசில் ஊதிவிட்டார்கள். அவள் கட்டையை ஊன்றிக்கொண்டு கோட்டோரம் நின்ற நடுவரிடம் போனாள். ஆறாம் நம்பரை வெளியே எடுங்கள் என்றாள். அவர், "பந்து ஓடிக்கிட்டு இருக்கும்மா, அடுத்தது நிக்கும்போது பாப்போம்" என்றார். பந்து நிற்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அப்படி ஒரு நீளமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இசிமேலி கால் பின்னப் பின்ன ஓடிக்கொண்டிருந்தான். தோரிகா கட்டையைப் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். நொண்டி நொண்டி நாலு எட்டு வைத்தாள்.

"இசிமேலி! இசிமேலி, வந்துரு! என் கண்ணு, வெளிய வந்துரு!"

எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். கீழ்க்கரைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காள்காரி தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. நினைவு தெரிந்தபின் அவனும் கேட்டதில்லை. அந்தச் சமயம் பந்து அவன் கைக்கு வந்திருந்தது. அவன் பந்தை மறந்து, ஓட்டத்தை மறந்து, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கீழ்க்கரை ஆள் வந்த வேகத்தில் இடித்தான். முறையான டாக்கிள்தான், அவன்மேல் தப்பில்லை. எதிரே வருபவனைப் பார்த்திருந்தால் இசிமேலி அதைத் தோளில் வாங்கியிருப்பான். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அவனை லாரியில் படுக்கவைத்து சுவாவுக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் நாள் காலையில் உயிர் போய்விட்டது. இருபத்தைந்து வயது.

பிணம் ஊருக்கு வருமுன்பே பேச்சு வந்துவிட்டது. முறையை மீறிப் பேரைச் சொன்னாள், அதனால் போனான் என்றார்கள். இன்னொரு கட்சி அதைவிட மோசம். அடிபட்டது தெரிந்தும் கோப்பைக்காக அவனை ஆட விட்டாள், கடைசியில் பயந்துபோய்க் கத்தினாள் என்றார்கள். தலையில் அடிபட்டால் வெளியே எடுப்பவள் என்று பெயர் வாங்கியவள், தன் ஊர் இறுதி ஆட்டத்தில் மட்டும் எடுக்கவில்லையே என்று கேட்டார்கள். இதற்குப் பதில் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருவன்தான் மிச்சமிருந்தான், அவன் வாயில் பல் ஓட்டையோடு சாவு வீட்டுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் தப்புச் செய்தவர்கள் திமிங்கிலப் பல் ஒன்றைக் கொண்டுபோய் இழப்புக்குள்ளான வீட்டார் முன் வைத்துத் தலைகுனிந்து உட்கார வேண்டும். அவர்கள் பல்லைத் தொட்டு எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அடக்கத்துக்கு வரக் கூடாது, ஊரிலும் இருக்க முடியாது. மன்னிப்புக் கேட்பவர் வாய் திறக்கக் கூடாது, அவருக்காக வேறொருவர்தான் பேச வேண்டும். தோரிகாவுக்காகப் பேச என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

நெமானி மாமா வீட்டுக்குப் பக்கத்தில் ஈரப்பலா மரத்தடியில் நின்றோம். அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. பல்லை என் கையில் கொடுத்தாள்.

"அவன்கிட்ட நீ என்ன சொன்னேன்னு நான் கேக்க மாட்டேன் அபிசாய். அவன் சிரிச்சதை நான் பாத்தேன். என் பேச்சைக் கேட்டு எவனாவது சிரிப்பானா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா உள்ள அவங்க கேட்டாங்கன்னா நீயே சொல்லிரு. நான் ஆள் அனுப்பினேன்னு மட்டும் சொல்லு, போதும். பேரைச் சொன்ன குத்தத்தை நான் ஏத்துக்குறேன். ஆட விட்டேங்கிற குத்தத்தோட என்னால இருக்க முடியாது. என்னை ஒருத்தனும் திடல் பக்கம் விடமாட்டான்."

"சரி" என்றேன். அந்த நேரத்தில் சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக.

உள்ளே பாய்மேல் உறவு முழுவதும் உட்கார்ந்திருந்தது. தோரிகா வாசலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். நான் பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, முறைப்படி பேசினேன். பேரைச் சொன்ன பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சொன்ன ஒரே செய்தி அதுதான்.

நெமானி மாமா பல்லைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். அழுது அழுது கண்ணிமை வீங்கியிருந்தது.

"அபிசாய், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் மகனுக்கு அடிபட்டப்புறம் நீ உள்ள ஓடினியே. அவ சொல்லி அனுப்பினாளா, அவனை வெளிய வரச் சொல்லி? ஆமா இல்லைன்னு சொல்லு."

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். பிறகு அவன் ஏன் வரவில்லை? நீ என்னடா சொன்னாய்? அந்த அறையில் அன்றைக்கு என்னோடு சிரித்த பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களும் சிரித்தவர்கள்தானே. நான் அந்த ஊரில் பிறந்தவன் இல்லை, அம்மா வழியில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவன். என் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். இதெல்லாம் இப்போது யோசித்து எழுதுகிற காரணங்கள். அப்போது பயந்தேன், அவ்வளவுதான்.

"தண்ணி குடுக்கத்தான் போனேன் மாமா" என்றேன்.

தோரிகா தலையை நிமிர்த்தவில்லை. அவள் தோள் மட்டும் ஒருமுறை இறங்கியது. மன்னிப்புக் கேட்க வந்தவள் பேசக் கூடாது. அவள் பேசவில்லை.

கடைசியில் மாமா பல்லை எடுத்தார். "என் அண்ணன் மக. எடுக்காம இருக்க முடியல. நாளைக்கு அடக்கத்துக்கு வரட்டும். ஊர்லயும் இருக்கட்டும். ஆனா இனிமே விசிலைத் தொடக் கூடாது, எவனுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இது என் வார்த்தை. நானா எடுக்குற வரைக்கும் நிக்கும்."

அவள் முறைப்படி குவித்த கையால் மூன்று தடவை தட்டி அதை ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த பருவத்துக்கு யாரைப் பயிற்சியாளராகப் போடுவது என்று கூட்டம் கூடினார்கள். அவள் பயிற்சி முறையெல்லாம் தெரிந்தவன் ஒருவன்தான் என்றார்கள். என் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். முதல் நாள் திடலில் வாயைத் திறந்தேன், அவள் வார்த்தைகள் வந்தன, முதுகை நேரா வை, இடது பக்கம் பார். மூணாம் நம்பர் என்னிடம் வந்து, "இப்பத்தான் மச்சான் நேரா வெளங்குது. நடுவுல ஆள் இல்லாம" என்றான். நான் விசிலை ஊதி அவனை வரிசைக்கு அனுப்பினேன். மூன்றாம் வருஷம் கோப்பையை ஜெயித்தோம்.

தோரிகா பக்கத்து டவுனான நௌசோரியில் சந்தையில் சேம்பு விற்கிறாள். அவள் கடைக்கு எதிரில்தான் நகரத் திடல். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். கூட்டம் கத்தும்போது அவள் கை சேம்புத் தண்டைக் கட்டுவதை நிறுத்தும், பிறகு கட்டும். எட்டு வருஷம் இப்படி. நான் அவளிடம் போனால் பேசுவாள், மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி. கிண்டல் மட்டும் பண்ண மாட்டாள். என் முறைப்பெண் என்னிடம் மரியாதையாகப் பேசினாள். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். அறுவடை முடியட்டும், கிறிஸ்துமஸ் போகட்டும், மாமாவுக்கு உடம்பு தேறட்டும். உடம்பு தேறவில்லை. போன வருஷம் மார்ச்சில் டாக்டர் கைவிட்டதும், திமிங்கிலப் பல் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மத்தியானம் போனேன். வார்த்தையைப் போட்டவர் அவர், எடுக்க முடிந்தவரும் அவர் ஒருவர்தான். இன்றைக்கு விட்டால் தோரிகாவுக்கு விடிவே இல்லை என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாடா மருமகனே. கிட்ட வா." என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "இந்தக் கை. என் பிள்ளை கடைசியா குடிச்ச தண்ணி இந்தக் கையாலதானே. தாகத்தோட போகலையே என் பிள்ளை. எட்டு வருஷமா அதை நெனைச்சுத்தான் தூங்குறேன்."

அவன் குடிக்கவில்லை மாமா. பாட்டில் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை மாமா. என் வாயில் இரண்டும் வந்து நின்றன. அந்த ஒரு பொய்யின்மேல் தலைவைத்துத்தான் கிழவர் எட்டு வருஷம் தூங்கியிருக்கிறார். அதை உருவினால்தான் தோரிகாவை விடுவிக்க முடியும். நான் அவர் கன்னத்தைத் தடவிக்கொடுத்தேன். பையைத் திறக்கவில்லை. அந்த வியாழக்கிழமை செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சந்தைக்குப் போனேன். தோரிகாவுக்குப் பக்கத்தில் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் திடலில் சொன்ன கிண்டலை, அவன் தாமதமாகச் சிரித்ததை, வாங்காத பாட்டிலை, எனக்கும் கோப்பை வேண்டியிருந்ததை, மாமாவின் கன்னத்தை. அவள் சேம்பைக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்தபோது கட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"சித்தப்பா மண்ணுக்குள்ள போனப்புறம் வந்து எங்கிட்டச் சொல்றே" என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாததையா சொல்றே? நீயா அவர்கிட்டச் சொல்லணும்னுதானேடா எட்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்? இனிமே நான் யார்கிட்டப் போய் விசிலைக் கேக்குறது?"

என் கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது, பயிற்சிக்குப் போகிற வழியில் வந்திருந்தேன். கழற்றப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நகரு. வாங்க ஆள் நிக்குறாங்க" என்று சொல்லி, அடுத்த சேம்புக் கட்டை எடுத்தாள்.